ஐந்து சதவீதம் மெதுவாக

4 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

இங்கே நானும் எட்டு மெஷின்களும் நலம். ஒன்பதாவது மட்டும் முனகுகிறது, நாளைக்குள் அதன் வாயை மூடிவிடுவேன். அங்கே அத்தானும் பாப்பாவும் நலம்தானே.

'ஐந்தாண்டு, ஐம்பது ஆல்பம்' பட்டியலின் நகல் வந்து சேர்ந்தது. 1995 முதல் இந்த வருடம் வரை வந்த ஆல்பங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விமரிசனமும் எழுதி, "படிச்சுட்டு மனசுல பட்டதச் சொல்லுடா" என்று கேட்டிருந்தாய். பட்டதைச் சொல்கிறேன். அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு என்னைப் பற்றிக் கோள் சொல்லக் கூடாது.

'மின்கம்பி'க்கு நாற்பத்தேழாவது இடமா? "ட்ரம்ஸ்காரர் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வாசிக்க வந்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஆல்பத்தை எங்கள் கேசட் ஆலையில்தான் படி எடுத்தோம். சோதனைக்காகப் போட்டபோது, கேசட்டுக்கு உறை போடும் பெண்கள் நால்வரும் தங்களை அறியாமலேயே கை வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். அந்த ட்ரம்ஸைக் கேட்டு ஒருவருக்குத் தூக்கம் வருகிறது என்றால் அவருக்கு டாக்டர்தான் வேண்டும்.

'நீலக் குடை' முப்பத்தெட்டு. "பாடகி ஐம்பதைத் தாண்டியவர், வாழ்ந்து பார்த்த குரல்." அவளுக்கு இருபத்திரண்டு வயது, அக்கா. கவரில் படம் இருக்கிறது. நீயோ அடைப்புக்குறிக்குள் "பழைய படத்தைப் போட்டிருக்கிறார்கள்" என்று வேறு சேர்த்திருக்கிறாய்.

முதலிடம் 'மூன்றாவது மாடி'. "பியானோ ஒவ்வொரு கட்டையையும் யோசித்துத் தொடுகிறது, பாட்டு முடிய மனமில்லாமல் முடிகிறது." நானும் கேட்டிருக்கிறேன். சுமார். லிஃப்டில் போடலாம், ஏழு மாடிக்கு மேல் போகிற லிஃப்ட் என்றால் அதுவும் வேண்டாம்.

இதெல்லாம் ரசனை வித்தியாசம் என்றுதான் முதலில் விட்டேன். ஆனால் ஏப்ரலில் உன் பத்திரிகையில் நீ எழுதிய பக்கம் ஞாபகம் வந்தது. கேசட் கடைக்காரர்கள் கூட்டம் நகரட்டும் என்று பாட்டை வேகமாக ஓட்டுகிறார்கள், வானொலிக்காரர்கள் விளம்பரத்துக்கு இடம் பிடிக்க அதையே செய்கிறார்கள் என்று எல்லோரையும் திட்டியிருந்தாய். ஊரில் எல்லோரும் வேகமாக ஓட்டுகிறார்கள், நீ ஒருத்தி மட்டும் சரியான வேகத்தில் கேட்கிறாய். இது எனக்கு இடிக்கிறது.

அத்தானிடம் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிற நீச்சல் குளத்திலிருந்து ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல். 'மின்கம்பி'யின் முதல் பாட்டு 4 நிமிடம் 20 விநாடி என்று கவரில் போட்டிருக்கிறது. உன் பிளேயரில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து எழுது.

உன் தம்பி,
திருப்புளி

13 செப்டம்பர் 1999

அன்புத் தம்பி திருப்புளிக்கு,

எல்லோரும் நலம். பாப்பா விழுந்ததில் முன்பல் ஒன்று ஆடுகிறது. அதைத் தவிர இந்த வீட்டில் கழன்றது எதுவும் இல்லை, உன் கடிதம் வரும்வரை.

மனதில் பட்டதைச் சொல் என்று கேட்டது என் தவறுதான். நாலு வருடமாக மாதம் ஒரு பக்கம் எழுதுகிறேன். நேற்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் புரட்டினேன். நான் எழுதியதில் எது பிசகு என்று நீ எழுதியது முப்பத்தோரு இடங்கள். "நல்லா இருக்கு" என்று எழுதியது எங்கே என்று தேடினேன். ஓரிடத்தில் இருந்தது. நான் அனுப்பிய கால்சட்டையைப் பற்றி.

இது எனக்கு விளையாட்டு இல்லை, தம்பி. டிசம்பர் இதழோடு இந்தப் பட்டியல் தனி இணைப்பாக வருகிறது. அது எடுபட்டால், மெய்ப்பு மேசையிலிருந்து என்னை எழுப்பி, இசைப் பக்கங்களை முழுதாக என்னிடம் கொடுப்பதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எடுபடவில்லை என்றால், அடுத்தவர்கள் எழுதியதில் கால் வாங்கியிருக்கிறதா, புள்ளி விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்தே கண் பூத்துப்போகும். நவம்பர் கடைசிக்குள் கையெழுத்துப் பிரதியைக் கொடுக்க வேண்டும்.

ஆனாலும் நீ சொன்னதைச் செய்தோம். அத்தான் விசிலை ஊதாத குறைதான். குனிந்து, கட்டை விரலை வாட்ச்சில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் அமைதி" என்றார். 4 நிமிடம் 33 விநாடி. "உங்க ஆளு தகுதிச் சுற்றிலேயே வெளியேறிட்டாரு" என்றார்.

கவரில் அச்சுப்பிழை. மெய்ப்புப் பார்க்கிறவள் சொல்கிறேன், எண்களில்தான் பிழை அதிகம் வரும்.

அன்புடன்,
அக்கா

20 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

அச்சுப்பிழை இல்லை. அந்தக் கவரின் விநாடிக் கணக்கை அளந்து கொடுத்தவனே நான்தான்.

நீ அளந்ததில் பதின்மூன்று விநாடி அதிகம். நூற்றுக்கு ஐந்து. உன் பிளேயர் ஐந்து சதவீதம் மெதுவாக ஓடுகிறது. அப்படி ஓடினால் சுருதியும் கிட்டத்தட்ட அரைக்கட்டை இறங்கிவிடும். இருபத்திரண்டு வயதுப் பெண் ஐம்பது வயதுக் குரலில் பாடுவாள். ட்ரம்ஸ்காரன் தூங்குவான். கடைகளும் வானொலியும் அவசரப்படுவது போல இருக்கும். உன் விமரிசனம் முழுக்க இந்த நோய்தான்.

உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்தபோது அது கச்சிதமாக இருந்தது. பழைய பிளேயருக்குப் புது மோட்டார் மாட்டி, நானே வேகம் வைத்தேன். அதற்குப் பிறகு அங்கே எவனோ அரைகுறை கை வைத்திருக்கிறான். இந்தத் தெருமுனை ரிப்பேர்க்காரர்களைப் பற்றி உனக்குத் தெரியாது. ஒரு ஸ்க்ரூவைக் கண்டால் போதும், அதைத் திருகாமல் தூக்கம் வராது.

இத்துடன் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். அதில் பாட்டு இல்லை. இரண்டு 'பீப்' மட்டும், நடுவே சரியாக ஐந்து நிமிடம். இடையில் கரகரப்புதான் கேட்கும், அதற்கும் விமரிசனம் எழுதிவிடாதே. முதலில் அதை ஓட்டி அளந்துகொள். பிறகு மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கத்து நாலு ஸ்க்ரூவையும் கழற்று. மோட்டார் டப்பா மாதிரி உருண்டையாக இருக்கும். அதன் முதுகில் ஒரு சின்னத் துளை. அதற்குள்தான் வேகத்துக்கான ஸ்க்ரூ. அந்தத் துளையை 95-ல் நான் பிளாஸ்திரி ஒட்டி மூடி வைத்திருந்தேன். இப்போது கிழிந்திருக்கும், பார். அந்த அரைகுறையின் கைவேலை தெரியும்.

அவன் யார் என்று மட்டும் எழுது.

திருப்புளி

29 செப்டம்பர் 1999

என் அருமைத் தம்பிக்கு,

முதலில் அளந்தது: ஐந்து நிமிடம் பதினைந்து விநாடி. நீ ஜெயித்தாய். நடுவில் வந்த கரகரப்பு நன்றாக இருந்தது, பத்துக்கு ஆறு கொடுக்கலாம்.

பிறகு நாலு ஸ்க்ரூவையும் கழற்றினோம். பாப்பா டார்ச் பிடித்தாள். அத்தான் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வாங்கி, எந்த மூலையில் இருந்ததோ அந்த வரிசையில் தட்டில் அடுக்கினார். உள்ளே டப்பா மாதிரி மோட்டார். அதன் முதுகில் பிளாஸ்திரி.

கிழியவில்லை, தம்பி. ஒரு ஓரம்கூடத் தூக்கவில்லை. அதன்மேல் நீல மையில் எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"வேகம் சரி பார்க்கப்பட்டது. யாரும் கை வைக்கக் கூடாது. 9.6.95."

கீழே கையெழுத்து. இரண்டு அடிக்கோடு வேறு.

அரைகுறை யார் என்று எழுதச் சொன்னாயே. அவனுக்கு அப்போது இருபது வயது, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு, மீசை சரியாக முளைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பிளேயரைக் கொண்டுவந்து வைத்து, "இத யாரும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தான் சிரித்துச் சிரித்துத் தட்டிலிருந்த ஸ்க்ரூவையெல்லாம் கொட்டிவிட்டார். இப்போது எது எந்த மூலை என்று தெரியவில்லை.

நானும் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஐம்பது விமரிசனம். ஐம்பதையும் இந்த ஒரு மெஷினில் கேட்டுத்தான் எழுதினேன். இனி எதை நம்பி மேசையை விட்டு எழுந்திருப்பது? ஸ்க்ரூவைத் தொடவில்லை. பிளாஸ்திரியையும் பிரிக்கவில்லை. மறுபடி மூடி வைத்துவிட்டேன். மூன்று நாளாகப் பாட்டே போடவில்லை.

திருகட்டுமா, வேண்டாமா?

அக்கா

6 அக்டோபர் 1999

அக்கா,

திருகு. கடிகாரம் சுற்றும் திசையில், மயிரிழை அளவு. ஐந்து நிமிடக் கேசட் ஐந்து நிமிடத்தில் முடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக.

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குப் போயிருந்தேன். 95-ல் என் தலையில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. வேகம் வைப்பதற்குச் சோதனைக் கேசட் என்று ஒன்று உண்டு என்பதே அப்போது எனக்குத் தெரியாது. கூடத்தில் அலமாரி மேல் இருக்கிற நம் பெரிய ரேடியோ கேசட் பெட்டியையும் உன் பிளேயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாட்டை இரண்டிலும் ஓட்டி, இரண்டும் ஒன்றாகப் போகும்வரை ஸ்க்ரூவைத் திருகினேன். அந்தப் பெட்டி சரியாகத்தான் ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். அதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம்.

இப்போது அதையும் அளந்தேன். ஐந்து நிமிடம் பதினைந்து விநாடி.

அப்பா செய்தித்தாளை இறக்காமலே, "நல்லாத்தானே பாடுது, அத ஏன்டா நோண்டுற?" என்றார். "மெதுவா ஓடுதுப்பா." "எத்தன வருஷமா?" "எப்பவுமே போல." "அப்ப அதுதான் அதோட வேகம்" என்றார். அம்மாவும் அவர் பக்கம். நம் வீடே ஐந்து சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது, அக்கா. யாருக்கும் தெரியவில்லை. ஆலையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் மீட்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் என் காது திருந்தியது. உன் காதைத் திருத்த எந்த மீட்டரும் வரவில்லை. நான் கொடுத்த மெஷின்தான் வந்தது.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் போதுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

இனி வேலை. ஏழு வாரம் இருக்கிறது. ஐம்பது ஆல்பம். ஒரு நாளைக்கு ஒன்று. முதல் பக்கம் காலையில், இரண்டாம் பக்கம் வேலை முடிந்து வந்து. ஒன்றையும் விடாதே. பழைய விமரிசனத்தைப் பார்க்காமல் கேள். ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர் குதித்தால் என் ஆலை முகவரியைக் கொடு.

தம்பி

15 நவம்பர் 1999

அன்புத் தம்பிக்கு,

உன் குற்றவாளிக் குரல் எனக்குப் பழக்கமில்லை. சீக்கிரம் பழையபடி சண்டைக்கு வா.

பிளாஸ்திரியைப் பிரித்துத் திருகிவிட்டேன். ஐந்து நிமிடம், அரை விநாடி கூடக் குறைய. "இறுதிச் சுற்றுக்கு அனுப்பலாம்" என்று அத்தான் ஒப்புதல் கொடுத்தார்.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்வளவு தப்புன்னு சொன்னீங்க?"

"நூத்துக்கு அஞ்சு சார்."

"நம்ம பத்திரிகைல வழக்கமா அதவிடக் கூட வரும்மா. மறுபடி கேட்டு எழுதுங்க. தேதி மட்டும் மாறாது."

அவ்வளவுதான். கால் தரையில் பட்டது.

பாப்பாவுக்குத்தான் பெரிய குழப்பம். அவள் நடை பழகியதிலிருந்து இந்தப் பாட்டுகளுக்குத்தானே ஆடுகிறாள். முதல் நாள் ரெண்டு சுற்று சுற்றிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்து, "அம்மா, பாட்டு ஏன் ஓடுது?" என்றாள்.

பல நாள் இரண்டிரண்டாகப் போட்டு, நாற்பத்தொன்பது கேட்டு முடித்தேன். 'மின்கம்பி' ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டது. கேட்டுக்கொண்டே வீடு பெருக்கினேன், பாதி நேரத்தில் முடிந்தது. உறை போடும் பெண்களிடம் நான் சரணடைந்துவிட்டதாகச் சொல். 'நீலக் குடை'ப் பெண்ணிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் அவள் குரல் இப்போது கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது, முப்பத்தொன்றுக்கு மேல் ஏற்ற மாட்டேன். நீ திட்டினாலும் சரி. 'தபால் பெட்டி' பன்னிரண்டிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. அதில் சோகம் என்று நான் நினைத்ததெல்லாம் மோட்டார் சோகம்.

'மூன்றாவது மாடி'யைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நேற்றுக் கேட்டேன்.

நல்ல ஆல்பம்தான். பத்தொன்பதாவது இடம் கொடுக்கலாம்.

பியானோ யோசிக்கவில்லை, தம்பி. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறது. பாடகர் வாசலில் வண்டி காத்திருப்பது போலப் பாடுகிறார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அத்தான் காலையும் மாலையும் குளத்தில். சமையலறை ஜன்னலில் எதிர் வீட்டுச் சுவர். தினமும் நாலு மணிக்கு இதைத்தான் போடுவேன். எனக்காகவே நின்று நின்று பாடுகிறார் என்று இருக்கும். வேலை கேட்டு அந்தப் பத்திரிகைக்கு நான் முதலில் எழுதி அனுப்பியதே இதன் விமரிசனம்தான். இப்போது பார்த்தால், நான் நேசித்த ஆல்பத்தை யாருமே வெளியிடவில்லை. என் பிளேயர் வெளியிட்டது. நீ வெளியிட்டாய்.

பத்தொன்பதில் எழுதப் போனேன், கை வரவில்லை. ஒன்றில் எழுதினால் பொய். முதலிடத்துக்கு எதிரே பெயர் எழுதாமல் விட்டிருக்கிறேன். இன்னும் பதினைந்து நாள். உன் அளவுகோலில் இதற்கு என்ன வழி என்று சொல். சுற்றி வளைக்காதே, உனக்கு அது வராது.

அக்கா

22 நவம்பர் 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், சோதனை அறையில் இருக்கும் டெக்கில் 'மூன்றாவது மாடி'யைப் போட்டேன். அதில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் உண்டு. ஐந்து சதவீதம் குறைத்தேன். வேண்டுமென்றே ஒரு மெஷினைத் தவறாக ஓட்டியது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

நம் கூடம்தான் ஞாபகம் வந்தது. அதை விடு, அது அளவுகோல் ஆகாது. இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டைச் சொல்கிறேன். சரியான வேகத்தில் பியானோவின் ஒரு ஒலி அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதன் காலை மிதிக்கிறது. மெதுவாக ஓட்டினால் அந்த ஒலி முழுதாக அடங்கி, ஒரு சின்ன இடம் விழுந்து, பிறகு அடுத்தது வருகிறது. "யோசித்துத் தொடுகிறது" என்று நீ எழுதியது அந்த இடத்தைத்தான்.

சூப்பர்வைசர் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்து நின்றார்.

"யாரு பாடுறது? புதுசா?"

"பழசுதான் சார். மெதுவா ஓடுது."

"ரிப்பேரா?"

"இல்ல சார். நான்தான் வச்சேன்."

"அப்ப விடு, முடியட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மெதுவாக மென்றார்.

லிஃப்டைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்போது கேட்டாயே, என் அளவுகோல். ஒரு மீட்டர் தவறாகக் காட்டினால் நாங்கள் முதலில் பார்ப்பது, தவறு ஒரே சீராக இருக்கிறதா என்றுதான். முன்னுக்குப் பின் முரணாகக் காட்டினால் குப்பையில் போடுவோம். ஒரே அளவில் தவறினால் மீட்டர் நல்லது, பூஜ்யத்தை வைத்தவன்தான் மடையன். உன் ஐம்பது விமரிசனத்தையும் மறுபடி படித்தேன். ஓரிடத்தில்கூட நீ கேளாததை எழுதவில்லை. ஐம்பது வயதுக் குரல் என்றால் அந்த மெஷினில் ஐம்பது வயதுதான். நீ சரியாகக் கேட்டிருக்கிறாய். நல்லா இருக்கு, அக்கா. நாலு வருடமாகவே நல்லா இருக்கு. பிசகு இருந்தால்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே முதலிடத்தில் 'மூன்றாவது மாடி'யைப் போடு. பக்கத்திலேயே "ஐந்து சதவீதம் மெதுவாக" என்று போடு. சரியான வேகத்தில் பத்தொன்பது என்பதையும் போடு. எப்படி நடந்தது, யார் செய்தது, எல்லாவற்றையும் எழுது. என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. திருப்புளி என்றே எழுது.

அந்தக் குமிழைத் தொடாமல் அப்படியே வைத்து ஒரு கேசட் பதிந்தேன், சூப்பர்வைசர் அனுமதியோடு. உன் பிளேயர் இப்போது சரியாக ஓடுவதால், இதைப் போட்டால் பழையபடி கேட்கும். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவசரப்பட்டுப் போடாதே, கேசட்டின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடு.

உன் தம்பி,
திருப்புளி

19 டிசம்பர் 1999

என் அன்புத் தம்பிக்கு,

இணைப்பு வெளிவந்துவிட்டது. இரண்டு பிரதி தனியாக அனுப்புகிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. நீ கண்டுபிடிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அதை மெய்ப்புப் பார்த்ததும் நானேதான்.

இதுவரை நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். எட்டுப் பேர் என்னைக் காது டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பல் மருத்துவர், தன் பிளேயரில் பேட்டரி தீரும் தறுவாயில் 'மூன்றாவது மாடி'யைப் போட்டால் நான் சொன்னது போலவே கேட்கிறது, ஆனால் நாலாவது பாட்டோடு செத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். மிச்சப் பேர் எல்லோரும் தங்கள் பிளேயர் சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்கள். ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என் கையில் கொடுத்து, "உங்க திருப்புளிகிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்குங்க. மெதுவா திட்டச் சொல்லுங்க" என்றார். எழுதித் தா. நான் மெய்ப்புப் பார்க்க மாட்டேன். ஜனவரியிலிருந்து அந்த மேசையில் வேறொருவர் உட்காருகிறார். எனக்கு ஜன்னலோர மேசை. வெளியே எதிர்ச் சுவர் இல்லை, தெரு தெரிகிறது.

நீ எழுதிய அந்த 'நல்லா இருக்கு' என்ற வார்த்தையை அத்தானிடம் படித்துக் காட்டினேன். தேதியைக் குறித்து வைக்கச் சொன்னார், சாதனைப் பட்டியலுக்கு.

கேசட் பத்திரமாக வந்தது. சொன்னபடி, படித்துவிட்டுத்தான் போட்டேன். நாலு மணிக்கு. பாப்பா விழாமல் ஆடினாள்.

அலமாரியில் மற்ற ஐம்பதையும் தள்ளி வைத்து, அதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, முதுகில் நீ ஒட்டி அனுப்பிய பிளாஸ்திரியை வாய்விட்டுப் படிக்கிறார்கள். நீல மை, இரண்டு அடிக்கோடு:

"வேகம் சரி பார்க்கப்பட்டது. யாரும் கை வைக்கக் கூடாது."

வைக்க மாட்டோம்.

அக்கா